துப்பாக்கிக் கட்டையில் மூன்று கீறல்

அவள் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பேருந்துக்கு நிற்கும்போது பழைய பயணச்சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பாள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் மேசையிலிருக்கும் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். "உன்கிட்ட ஒரு சாமானைக் கொடுத்தா அது உயிரோட திரும்பி வராது" என்பான் புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். சாமான்களின் உயிரைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

அவளுடைய வேலை பல்செட் கட்டுவது. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்க்க வேண்டும். அதன்மேல் மெழுகால் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட வேண்டும். அந்தக் கூடத்தில் ஜன்னலோர பெஞ்சு அவளுடையது. எதிர் பெஞ்சில் மெழுகு அண்ணன். கரண்டி காய்ச்சிக் காய்ச்சி அவர் சட்டையெல்லாம் இளஞ்சிவப்புப் பொட்டாக இருக்கும். முன்னும் பின்னும் பார்க்காமல் பேசுவார், ஆனால் மெழுகில் கை வைத்தால் மூச்சுக்கூட விடமாட்டார்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து நட்டாலும் கடைசி வார்த்தை அவளுடையது இல்லை. 'இன்னும் கொஞ்சம் வெள்ளை' என்று டாக்டரிடமிருந்து சொல்லியனுப்புவார்கள். மாற்றுவாள். 'முன்பல் நீளம் போதாது' என்பார்கள். மாற்றுவாள். வாய் அவர்கள் பொறுப்பு, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. ஆனாலும் மனுஷிக்கு எங்கேயாவது ஓர் இடத்தில் தான் சொன்னால் சொன்னதுதான் என்று இருக்க வேண்டாமா? அவளுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. அங்கே அவள் பெயர் துரு.

அந்தப் பெயர் வந்த கதை இப்படி. கொழுந்தன் ஒருமுறை விடுமுறைக்கு வந்து தங்கியபோது, பழைய உலகப் போரை வைத்துச் செய்த ஒரு வீடியோ கேமை நாளெல்லாம் ஆடிக்கொண்டிருந்தான். காபியைக் கொடுக்கப் போனவள் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, ஆடுறீங்களா?"

"இந்தத் துப்பாக்கிக்கு ஏன் கைப்பிடி இடப்பக்கம் இருக்கு?"

"எந்தக் கைப்பிடி?"

"குண்டு போட இழுக்குறியே, அது. வலது கையால சுடுற ஆளு, கையைச் சுத்தி இந்தப் பக்கம் கொண்டுவந்தா இழுப்பான்?"

கொழுந்தன் விழித்தான். அவனுக்கு அது ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். அவளுக்கோ வலப்பக்கக் கடைவாய்ப்பல்லை இடப்பக்கத்தில் நட்டுக் கொடுத்தது மாதிரி இருந்தது. பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். ஆடுகிறவன் கண்ணுக்கு அந்த இழுப்பு நன்றாகத் தெரியட்டுமே என்று கேம் செய்தவர்களே பக்கத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்வதற்கென்றே உலகம் முழுக்கச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கேமில் உள்ள துப்பாக்கி உருவத்தை எடுத்துவிட்டு, சரித்திரத்தில் இருந்தபடி தாங்களே கணினியில் செய்த உருவத்தை அந்த இடத்தில் வைப்பார்கள். மாட் என்று அதற்குப் பெயர். காசு கிடையாது. ஆடுகிறவர்களின் வசவு தாராளமாகக் கிடைக்கும்.

தமிழ் பேசுகிற ஒரு குழு அதில் இருந்தது. வெவ்வேறு நாடுகளில் இருக்கிறவர்கள். எல்லார் வேலையையும் ஒட்டவைத்து வெளியிடுகிறவர் மேஸ்திரி. பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் மனிதர். யார் எதைக் கொண்டுவந்தாலும் ஓட்டை தேடுகிறவன் சல்லடை. இவள் போய்ச் சேர்ந்து, துப்பாக்கிக் குழலில் ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் துருவைத் தீட்டிக் காட்டினாள். துரு எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்று கூட நினைத்துப் பார்த்திருக்கிறாளே என்று மேஸ்திரி அசந்துபோனார். அன்றிலிருந்து துரு.

நிஜத் துப்பாக்கியை அவள் தொட்டது கிடையாது. சுடுவதிலும் ஆசை இல்லை. கேமை ஐந்து நிமிஷம் ஆடினால் அதற்குள் செத்துவிடுவாள். ஆனால் அந்தப் போரின் கடைசி வருஷத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து, எந்தத் தொழிற்சாலை எந்த ஆணியைக் குறைத்தது என்று கேட்டால் சொல்லுவாள். குழுவில் சண்டை முற்றினால் மேஸ்திரி, "துரு என்ன சொல்லுது?" என்பார். துரு சொன்னால் முடிந்தது.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டு என்பார்கள். எந்த ஆயுதமும் வெளியே போகுமுன் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு படம் காட்ட வேண்டும், அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களிலிருந்து. ஒரே படம் இருந்தால் அந்த உறுப்பு கிடையாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

அதே சட்டம் அவள் கழுத்தைப் பிடித்தது ஒரு வளையத்தில். போரின் கடைசியில் ஒரு சிறிய தொழிற்சாலை அவசர அவசரமாகச் செய்த துப்பாக்கி. அதன் தோள்வார் மாட்டுகிற வளையம் மரக்கட்டையின் அடியில் இருந்ததா, பக்கவாட்டில் இருந்ததா? சட்டம் வருவதற்கு முன்பு, அவள் குழுவுக்குப் புதிதாக வந்த காலத்தில், அந்தத் துப்பாக்கியை ஒருமுறை செய்திருந்தாள். பக்கவாட்டில்தான் வைத்தாள். வீரர்கள் நடந்துபோகிற ஒரு மங்கலான படத்தில் அங்கே ஒரு நிழல் தெரிந்ததுதான் ஆதாரம். அந்தப் பழைய மாடல் எங்கெங்கோ பரவிவிட்டது. இப்போது எல்லா ஆயுதத்தையும் புதிதாகச் செய்து பெரிய வெளியீடாகக் கொண்டுவருகிறார்கள். மற்றதெல்லாம் தயார். வளையத்துக்கு மட்டும் இரண்டாவது படம் இல்லை.

"சுடுறவன் கண்ணுக்கே தெரியாத வளையம்மா அது" என்று மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார்.

"பல்லுக்குப் பின்னாடியும் யாரும் பார்க்கறதில்லண்ணா. நாக்குக்குத் தெரியும்."

மாதக்கணக்கில் தேடினாள். பேருந்தில் தேடினாள், குக்கர் விசிலுக்கு நடுவில் தேடினாள். ஒரு சாயங்காலம் கிடைத்தது. எங்கோ ஒரு சின்னப் போர்க் காட்சியறையின் இணையப் பக்கத்தில், சுவரில் மாட்டிய துப்பாக்கி. வண்ணப் படம், பளிச்சென்று. வளையம் பக்கவாட்டில்.

கோர்ட்டில் படத்தை வைத்ததும் ஒரே ஆரவாரம். சல்லடைகூட வாயைத் திறக்கவில்லை.

"டேய் சல்லடை, உயிரோட இருக்கியா?" என்றார் மேஸ்திரி.

"இருக்கேன். குத்தம் ஒண்ணும் கிடைக்கல. உடம்புக்கு என்னமோ பண்ணுது."

ஞாயிற்றுக்கிழமை வெளியீடு என்று முடிவானது. துரு தலைமையில் சரிபார்க்கப்பட்டது என்று முகப்பில் போடப்போவதாக மேஸ்திரி சொன்னார். அவள் வேண்டாம் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள்.

மறுநாள் கூடத்தில் பல்செட் கொதிநீரில் வெந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை வேறு வேலை இல்லை. அவள் கை போனுக்குப் போனது. ஜெயித்த படம்தானே, இன்னொரு தரம் பார்த்தால் என்ன என்று விரலால் அகட்டிப் பெரிதாக்கினாள். வளையத்தைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், கட்டையின் ரேகைகளைப் பார்த்தாள். இழுப்புக் கைப்பிடிக்குக் கீழே மூன்று கீறல்கள் இருந்தன. இரண்டு நேராக. மூன்றாவது கடைசியில் தூண்டில் மாதிரி வளைந்திருந்தது.

அந்த வளைவு தெரிந்த முகம் மாதிரி இருந்தது, பெயர்தான் வரவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார் மெழுகு அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா."

"ஒண்ணுமில்லாததுக்கா அந்த மெழுகை இந்தப் பாடு படுத்துறே?"

பார்த்தால், கையிலிருந்த மெழுகுத் துண்டு உருத்தெரியாமல் நசுங்கிக் கிடந்தது. வேலை முடிந்து பேருந்தில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசைக்குப் போய், மேலே விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டினாள்.

ஓரத்தில் மூன்று கீறல்கள். இரண்டு நேராக. மூன்றாவது தூண்டில்.

முதல்முதலில் அந்தத் துப்பாக்கியைச் செய்தபோது கட்டைக்கு மரத்தோற்றம் வேண்டியிருந்தது. இந்த மேசையைத்தான் போட்டோ எடுத்து அதன்மேல் போர்த்தினாள். எல்லாரும் செய்வதுதான். கீறலும் சேர்ந்து வந்தது. பழசுபோலத் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். காட்சியறைத் துப்பாக்கி அசல் இல்லை. யாரோ அவளுடைய மாடலைப் பார்த்து மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள், கீறலோடு, வளையத்தோடு. தன் ஊகத்துக்குச் சாட்சி தேடிப்போய், அதே ஊகத்தை வேறு சட்டையில் கூட்டிவந்து கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறாள்.

புருஷன் வந்தபோது அவள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"இரு இரு. இது நான் மேசைக்காலை முடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கினதுதானே? அன்னிக்கு என்னை என்ன பேச்சு பேசினே! இப்ப மியூசியத்துல இருக்கா?"

"சிரிக்காதீங்க."

"மேடம், எங்க பரம்பரையிலயே சரித்திரத்துல ஏறின மொத ஆளு நான்தான்."

"இதை வச்சு எல்லாரையும் நம்ப வச்சிட்டேங்க."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். "சரி, அசல்ல அது எங்கதான் இருந்துச்சு?"

"அதான் யாருக்கும் தெரியாதே!"

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் காட்சியறையின் எண்ணுக்குப் பேசினாள். போனை எடுத்தவர் அங்கேயே பொறுப்பிலிருப்பவர், தமிழர். தமிழ்க்குரல் கேட்டதும் சந்தோஷப்பட்டார்.

"அசல் எங்கம்மா கிடைக்குது? தச்சரை வச்சுச் செஞ்சது. ஆனா அப்படியே அசல் மாதிரி. ஒரு நூல் பிசகாது."

"எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"இருங்க, அனுப்புறேன்."

அனுப்பினார். அவளுடைய பழைய மாடல். நான்கு கோணத்தில் அவளே எடுத்து வைத்த படம், மூலையில் அவள் பெயர் இருந்த இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

"அதுல மூணு கோடு இருக்கே, பார்த்தீங்களா?" என்றார் அவர். "அதைக் காட்டத்தான் எல்லாரும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வராங்க. இந்தத் துப்பாக்கியை வச்சிருந்தவன் சுட்டுக் கொன்ன ஆளுங்களோட கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு கோடு. மூணாவது ஆளு சாகும்போது இவன் கை நடுங்கிடுச்சு போல, அதான் வளைஞ்சிருக்கு. கீழே எழுதியே வச்சிருக்கோம்."

"யாரு சொன்னாங்க?"

"பார்க்க வந்த ஒருத்தர் சொன்னாரு. பொருத்தமா இருந்துச்சு."

"ஐயா, அது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசைங்க. அந்த மாடலைச் செஞ்சது நான். ஸ்க்ரூடிரைவர் வழுக்கின கோடு அது."

அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது. "ஏம்மா, படிச்ச பொண்ணு மாதிரி பேசுறீங்க. போர்ல செத்தவங்க விஷயத்துல விளையாடலாமா?" போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

அன்று கூடத்தில் நட்ட பல்லைப் பிடுங்கி நட்டாள், மறுபடி பிடுங்கினாள். செத்துப்போகாத மூன்று பேர் அவள் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வளையம் தப்பாகப் போனால் ஒரு வளையம். இது அப்படி இல்லையே. ஞாயிற்றுக்கிழமை அவள் பெயரோடு வெளியே போனால் காட்சியறைக்காரர் அதையே சாட்சியாகக் காட்டுவார். அப்புறம் அந்த மூன்று பேரை யாராலும் எழுப்ப முடியாது. சொல்லிவிட்டால்? துரு சொன்னால் சொன்னதுதான் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

மேஸ்திரிக்கு மட்டும் முதலில் சொன்னாள். அவர் கடையில் ஏதோ டப்பா குலுக்கும் இயந்திரம் பின்னால் தடதடத்தது.

"தங்கச்சி, நிதானமா யோசி. கீறல் உன்னுது, சரி. வளையம் நிஜமா அங்கயே இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்ண்ணா."

"அப்புறம் என்ன? படத்துல கீறலை அழிச்சிட்டு விடு. ஒரு வருஷமா ஜனங்க காத்திருக்கு. கோர்ட்டுலயும் பாஸாயிடுச்சு. உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"என் புருஷனுக்குத் தெரியும்."

"அவரு சொல்லுவாரா?"

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு."

மேஸ்திரி சிரித்துவிட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "உன் இஷ்டம்மா. ஆனா ஒண்ணு. இதைச் சொன்னா இந்தத் துப்பாக்கியோட நிக்காது. தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் சனிக்கிழமை முழுக்க அவள் எந்த வேலையிலும் தரிக்கவில்லை. துணியை ஊறவைத்துவிட்டு மறந்தாள். அலமாரியை ஒழித்து, அடுக்காமல் விட்டாள். கீறலை அழித்த படத்தைத் தயார் செய்தாள், அழித்தாள், மறுபடி தயார் செய்தாள். புருஷன் இரண்டு அறைக்கும் நடுவில் நின்று, "ஒரு இடத்துல உட்காரும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றான்.

"உட்கார்ந்தா அதே ஞாபகமா இருக்கு."

"நடந்தா?"

"நடந்தாலும்."

"அப்போ சொல்லித் தொலைச்சிடேன். எனக்கு ஒரு டீயாவது கிடைக்கும்."

ஞாயிறு காலை குழு கூடியபோது எல்லாரும் வெளியீட்டுக் குஷியில் இருந்தார்கள். அவள் குழுவில் எழுதித்தான் பேசுவாள். கேமராவைப் போட்டதே இல்லை. அன்று எழுதத் தொடங்கினாள், வார்த்தைகள் வழுக்கின. எழுதியதை அப்படியே விட்டுவிட்டு கேமராவைத் திறந்து மேசை ஓரத்தில் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இது எங்க வீட்டு மேசை" என்றாள். "பக்கத்துல அந்தக் காட்சியறைப் படத்தை வச்சுப் பாருங்க."

ஆளாளுக்குப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார்கள்.

முதலில் வெடித்தது சல்லடையின் சிரிப்பு. "ஐயோ, நாம கும்பிட்டது சாப்பாட்டு மேசையவா!" இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவளும் சிரித்திருப்பாள், மூன்று பேர் கதை சொல்லாமல் இருந்திருந்தால். சொன்னதும் சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது.

"பெருசாக்கிப் பார்க்க வேண்டியது என் வேலை" என்றான் சல்லடை, வேறு குரலில். "துரு கொண்டு வந்த படம்னு நான் பார்க்கல."

"அதான் தப்பு" என்றாள் அவள். "துருன்னா பார்க்கக் கூடாதா?"

துப்பாக்கியை வெளியீட்டிலிருந்து எடுப்பது என்றானது. காட்சியறைக்கு எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு மேசைப் படத்தோடு ஒரு கடிதம் அனுப்புவது என்றும். அவர் ஒப்புக்கொள்வாரா, மாட்டாரா, தெரியாது. பிறகு எல்லாருக்கும் ஒரே கேள்விதான், கேட்கத்தான் கூச்சம். கடைசியில் பெயர் தெரியாத ஓர் ஓரத்துக் குரல் கேட்டது. "அப்போ, துரு செஞ்ச மத்ததெல்லாம்?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அவருக்குச் சங்கடம்.

"எல்லாத்தையும் திரும்பக் கோர்ட்டுல வைங்கண்ணா" என்று அவளே முந்திக்கொண்டாள். "நான் தீர்ப்புச் சொல்ல வேணாம். கேள்வி கேளுங்க, பதில் சொல்றேன்."

"வெளியீடு தள்ளிப் போகுமே தங்கச்சி."

"போகும்."

"ஜனங்க திட்டுவாங்க."

"திட்டட்டும்."

மேஸ்திரி பக்கத்தில் சுட்டிச் சத்தம் கேட்டது, ஒரு கோப்பு திறந்தது. துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, அவள் செய்தது. "சரி. இதுல இருந்து ஆரம்பிக்கலாம். பிடியில ரெண்டு திருகாணி போட்டிருக்கே. எதை வச்சு?"

அவள் தன் சேமிப்பைத் திறந்து தேடினாள். கால் மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு படம் கிடைத்தது. நல்ல படம், எந்தக் கண்ணுக்கும் போதுமான படம். அடுத்ததுக்காக மேலும் கீழும் உருட்டினாள். புருஷன் டீயைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நின்றான். குழுவே காத்திருந்தது.

"ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

"ஒண்ணுன்னா..."

"எடுத்துடுங்கண்ணா." சொல்லிவிட்டு, அவர் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டாள்.